முதலும் ஊதியமும்: கலைவாழ்வில் நன்முதலீடும் வீண்முதலீடும்

முன்னுரை

'முதல்' என்னும் தமிழ்ச்சொல் பொருள் வளம் மிக்கது. தொடக்கம் என்பது அதன் ஒரு பொருள். வேர் என்பது மற்றொன்று. வணிகன் தொழிலில் இடும் கைப்பொருள் என்பது மூன்றாவது. முதல் உடையவன் முதலாளி. முதலை இடுவது முதலீடு. ஒரு செயலைத் தொடங்குவதற்கும் அதற்குப் பொருள் இடுவதற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வழங்கினர்.

தமிழிலக்கியம் பயில வரும் மாணவ மாணவியர் ஆண்டுதோறும் கேட்கும் வினா ஒன்றுண்டு. "கவிதை எழுதுகிறோம், கதை எழுதுகிறோம், நாடகம் போடுகிறோம்; இதில் பணத்தைப் போட்டால் திரும்பி வருமா?" என்பதே அது. இவ்வினாவைத் தாழ்வாக எண்ணிப் புறந்தள்ளுதல் ஆசிரியர்க்கு அழகன்று. அவர்களுட் பலர் தறிக்கூடத்திலும் கொலுசுப் பட்டறையிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள். ஒரு நூலை அச்சிட அவர்கள் செலவிடும் தொகை அவ்வீட்டின் சில மாதச் சம்பாத்தியமாக இருக்கக்கூடும்.

இவ்வினாவுக்கு வள்ளுவரிடம் விடை தேடினால் இரண்டு இடங்கள் கண்ணிற் படுகின்றன. 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில், கைப்பொருள் போடாத வணிகன் இலாபத்தை எதிர்பார்க்க இயலாதவாறு போலத் தாங்கி நிற்கும் துணையற்றவனுக்கு நிலைபேறும் இல்லை என்கிறார். 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்திலோ, வரப்போகும் பெருக்கத்தை நம்பிக் கையிலிருப்பதையும் பறிகொடுக்கச் செய்யும் தொழிலில் அறிவாளர் இறங்கமாட்டார் என்கிறார். போடாமலும் இருக்கக் கூடாது. போட்டதைத் தொலைக்கவும் கூடாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி யாது என்பதைத் தமிழ்க் கலைவாழ்வில் நிகழ்ந்த சில செய்திகளின் வாயிலாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புரவலர் இட்ட முதல்

பண்டைக் காலத்தில் புலவன் தன் பொருளை இட்டு நூல் செய்ததில்லை. அவன் இட்டது கல்வியும் காலமும். பொருள் இட்டவர் புரவலர். இதற்கு இசுலாமியத் தமிழிலக்கியத்தில் தலைசிறந்த சான்று சீறாப்புராணம். உமறுப்புலவர்க்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி துணை நின்றதும், நூல் நிறைவுறுமுன் வள்ளல் மறைந்ததும், பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவளித்ததும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள். அந்நூல் 1842ஆம் ஆண்டில் சேகப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் அச்சேறியது. எழுதப்பட்டதற்கும் அச்சானதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது.

இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. சீதக்காதி பெருவணிகர், மிளகும் துணியும் முத்தும் கடல் கடந்து விற்ற மரபினர். அவ்வணிகத்தில் அவர் ஈட்டிய ஊதியத்தின் கணக்கு இன்று எவரிடமும் இல்லை. புலவர்க்கு அவர் கொடுத்ததன் பயனோ நூலாக நிற்கிறது. எனினும் இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. புரவலர் மறைந்தால் புலவன் நடுவழியில் நிற்பான். ஒரே தூணில் நிற்கும் கூரை அத்தூணோடு விழும். உமறுப்புலவர்க்கு இன்னொரு தூண் கிடைத்தது அவர் செய்த பேறு. கிடைக்காமற் போன புலவர் எத்தனை பேரோ, அவர்தம் நூல்கள் நம் கைக்கு வரவில்லை.

சேலத்தார் இட்ட முதல்

அச்சு இயந்திரம் பரவிய பின்னர் நிலைமை மாறியது. ஒரு வள்ளலுக்குப் பதிலாகப் பல வாசகர் சிறுசிறு தொகை தந்து நூலைத் தாங்கும் முறை தோன்றியது. இவ்வரலாற்றில் நம் சேலத்திற்கு நேரான தொடர்பு உண்டு.

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணம் கல்லூரியில் மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் புதிதாகப் பணியேற்றிருந்த 25 வயது இளைஞர் உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ் நூல்களையும் கோவைகளையும் வரிசையாகச் சொன்னார். முதலியாரோ அவற்றாற் பெரிதும் மகிழவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். பின்னர்ச் சிந்தாமணியின் படி ஒன்றையும் தந்தார். அன்று கேட்ட ஒரு வினா ஐயரின் வாழ்வைத் திருப்பியது என்பதைத் தமிழுலகம் அறியும்.

ஐயர் அதன்பின் செய்தது என்ன? உடனே அச்சகம் தேடி ஓடவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று அவர்தம் சமயக் கருத்துகளைக் கேட்டுக் கற்றார். ஏடுகளை ஊர் ஊராகத் தேடி ஒப்பிட்டார். இவ்வாறு ஏழு ஆண்டுகள் சென்றன. அச்சுச் செலவுக்கு வழியில்லாத நிலையில், நூல் வெளிவருமுன்னரே அதனை வாங்க ஒப்புவோரிடம் கையொப்பம் பெற்றார். முதலியாரும் துணை நின்றார். 1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என நூல்கள் அணிவகுத்தன.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஐயர் முதலில் இட்டது பணமன்று, ஏழாண்டு உழைப்பு. அவ்வுழைப்பு ஒரு நூலோடு தீர்ந்துவிடவில்லை. சிந்தாமணிக்காகக் கற்ற பாடவேறுபாடு காணும் முறையும் உரைநயம் அறியும் திறனும் அடுத்தடுத்த நூல்களுக்கெல்லாம் முதலாயின. இரண்டாவது, வாங்குவோர் உளரா என்பதை அச்சிடுமுன்னரே அறிந்துகொண்டார். கையொப்பம் என்பது பணம் திரட்டும் வழி மட்டுமன்று. நூலுக்கு வாசகர் இருக்கின்றனரா என்பதற்கு அது ஒரு சோதனையும் ஆகும்.

கடையத்திலிருந்து ஒரு வேண்டுகோள்

திறமை உளதாயினும் வாங்குவோரைத் திரட்ட இயலாதபோது என்ன நேரும் என்பதற்குப் பாரதியாரின் வாழ்வே சான்று. 1920ஆம் ஆண்டில் கடையத்தில் இருந்தபோது, தம் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டார். அதற்கு வேண்டிய பொருளை வட்டியுடன் திருப்பித் தருவதாகக் கூறி நண்பர்களுக்கும் அறிமுகமானோருக்கும் எழுதினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போலத் தம் நூல்கள் தமிழகமெங்கும் விற்பனையாகும் என்பது அவர்தம் நம்பிக்கை. எவரும் முன்வரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அவர் கணக்கு தவறா? பிற்காலத்தில் பாரதி நூல்கள் விற்ற எண்ணிக்கையை நோக்கின் 4 இலட்சம் படிகள் என்பது மிகையன்று. பிழை காலத்தில் இருந்தது. 1920இல் தமிழ் வாசகர் தொகை அத்தனை பெரிதன்று. மக்களிடம் நூல்களைக் கொண்டுசேர்க்கும் கடைகளும் ஆட்களும் இல்லை. எல்லாவற்றையும் ஒருசேரச் செய்ய முனைந்தமையால் ஒன்றும் நடைபெறவில்லை. 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு அவர் எழுத்துகளின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்கள் உடைமையாயின. நல்ல சரக்கும் சந்தை இல்லாத ஊரில் விலைபோகாது என்பதைச் செவ்வாய்ப்பேட்டை வணிகர் எவரும் சொல்வர். பாவலர்க்கு அதனைச் சொல்ல அருகில் ஒரு வணிகர் இல்லை.

ஏர்க்காட்டுச் சாலையில் ஒரு வளைவு

அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து ஏர்க்காடு செல்லும் சாலையில் செல்வோர், மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் பெயர் தாங்கிய நுழைவாயில் வளைவைக் காணலாம். படப்பிடிப்பு நிலையம் இருந்த இடம் இன்று குடியிருப்புகளாகிவிட்டது. வளைவு மட்டும் நிற்கிறது. நம் கல்லூரி மாணவர் பலர் அதனைப் பேருந்திலிருந்து நாள்தோறும் பார்க்கின்றனர். அதன் பின்னுள்ள கதையை அறிந்தோர் சிலரே.

திருச்செங்கோட்டில் பிறந்து இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று வந்தவர் டி. ஆர். சுந்தரம். அக்காலத்தில் தமிழ்ப் பேசும்படம் எடுப்போர் நடிகர் குழுவை அழைத்துக்கொண்டு கல்கத்தா போன்ற தொலைநகரங்களுக்குச் செல்லவேண்டியிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பயணம், தங்குமிடம், வாடகை எனச் செலவு திரும்பத் திரும்ப நேர்ந்தது. வாடகையாய்ப் போகும் பணம் திரும்பாது. இடமும் கருவியும் ஆகும் பணம் அடுத்த படத்துக்கும் உதவும். சுந்தரம் 1935இல் சேலத்திலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937இல் முதற்படம் 'சதி அகல்யா' வெளிவந்தது. மறு ஆண்டே, 1938இல், மலையாளத்தின் முதல் பேசும்படமாகிய 'பாலன்' இந்நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

இந்நிறுவனம் கலைஞரை நடத்திய முறையும் நோக்கத்தக்கது. எழுத்தாளர், நடிகர், தொழில்நுட்பர் பலர் மாதச் சம்பளத்தில் பணியாற்றினர். குறித்த நேரத்தில் வேலை. குறித்த நாளில் ஊதியம். மு. கருணாநிதி உரையாடல் எழுதிய 'மந்திரி குமாரி' 1950இல் வந்தது. கவிஞர் கண்ணதாசன் இங்குக் கதை இலாகாவில் இருந்தார். நிறுவனம் நடத்திய 'சண்டமாருதம்' இதழின் ஆசிரியராகவும் இருந்தார். பாடலாசிரியர் மருதகாசியும் இங்கிருந்தே திரையுலகில் கால்பதித்தார். நம் சமுதாயத்தைச் சார்ந்த கவி கா. மு. ஷெரீபும் இந்நிறுவனப் படங்களுக்குப் பாடல் எழுதியவர். திரைப்பாட்டோடு நின்றுவிடாமல் 'ஒளி', 'தமிழ் முழக்கம்', 'சாட்டை' ஆகிய இதழ்களையும் நடத்தியவர்.

சுந்தரம் புதியவற்றில் துணிந்து முதலிட்டார். 1940இல் 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்கவைத்தார். 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைத் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வெளியிட்டார். 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமாக அவர் எடுத்த 'கண்டம் பெச்ச கோட்டு', ஒட்டுப்போட்ட கோட்டுக்குள் ஹஜ் பயணத்துக்கென்று பணம் சேர்த்துவரும் ஓர் ஏழை முஸ்லிம் தொழிலாளியின் கதை. இவை கண்மூடித்தனமான துணிவுகள் அல்ல. வழக்கமான படங்களை ஒழுங்காக எடுத்து வெளியிடும் நிறுவனம் பின்னால் இருந்தமையால், ஒரு புதுமை தோற்றிருப்பினும் நிலையம் வீழ்ந்திராது.

1963இல் சுந்தரம் மறைந்தார். அவருக்குப்பின் மகன் இராமசுந்தரம் நிறுவனத்தை நடத்தினார். ஆனால் திரைத்தொழில் முழுதும் சென்னையில் குவிந்துகொண்டிருந்தது. நடிகரும் கலைஞரும் அங்கேயே இருக்க, சேலத்தில் நிலையம் நடத்துவது வரவரக் கடினமாயிற்று. ஒரு காலத்தில் செலவைக் குறைத்த அதே இடம் பிற்காலத்தில் தொலைவாகிப்போனது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த நிலையம் இறுதியில் மூடப்பட்டது. எந்த நல்ல முதலீடும் எக்காலத்துக்கும் நல்லதாக இருந்துவிடாது. ஆண்டுதோறும் அதனைத் திரும்ப எடைபோட வேண்டும். கட்டடம் போயிற்று, படங்கள் இருக்கின்றன, அங்குத் தொழில் கற்றவர்கள் தமிழகமெங்கும் சென்று செய்த பணிகளும் இருக்கின்றன.

ஒருவரே முதலாளியும் தொழிலாளியும்

மாதச் சம்பளத்தில் இருந்த கலைஞருள் சிலர் பின்னாளில் தாமே படத் தயாரிப்பில் இறங்கினர். கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' 1958இல் வெளிவந்து வெற்றி பெற்றது. அவ்வெற்றி தந்த ஊக்கத்தில் 1959இல் 'சிவகங்கைச் சீமை' வந்தது. அதே மாதத்தில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வண்ணத்தில் வெளிவர, கவிஞரின் படம் அதனெதிரே நிற்க இயலவில்லை. 1960இல் 'கவலை இல்லாத மனிதன்' என்னும் பெயரில் எடுத்த படம் பெருங்கவலையையே தந்தது. கடன் தொல்லையால் தாம் பட்ட பாட்டைக் கவிஞரே தம் தன்வரலாற்று நூல்களில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மருதகாசியும் 1959இல் 'அல்லி பெற்ற பிள்ளை' படத் தயாரிப்பில் ஈடுபட்டுப் பொருளிழந்தவர்.

இவர்கள் திறமைக் குறைவால் இழந்தவர் அல்லர். பாட்டெழுதுவது ஒரு தொழில். படத்தைத் தயாரித்து விற்பது வேறொரு தொழில். முதல் தொழிலில் பெற்ற புகழை இரண்டாம் தொழிலுக்கு அனுபவமாகக் கருதியதே பிழை. 'சிவகங்கைச் சீமை'யின் பாடல்கள் இன்றும் கேட்கப்படுகின்றன. பாடலாசிரியர் தோற்கவில்லை, தயாரிப்பாளர் தோற்றார். துயரம் யாதெனின் இருவரும் ஒருவரே.

இசுலாமிய வணிக முறையில் 'முதாரபா' என்றோர் ஒப்பந்தம் உண்டு. ஒருவர் பொருளை இடுவார். மற்றவர் உழைப்பை இடுவார். இலாபத்தை முன்னரே பேசிய விகிதப்படி பகிர்ந்துகொள்வர். இழப்பு நேரின், உழைத்தவரிடம் கவனக்குறைவோ முறைகேடோ இல்லாதவரை, பொருளிழப்பு பொருளிட்டவரையே சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். அதனால் எவரும் இருமுறை இழப்பதில்லை. கலைஞன் கடன் வாங்கித் தானே தயாரிப்பாளனாகும்போது இவ்வரண் உடைந்துவிடுகிறது. உழைப்பும் போகிறது, கடனும் நிற்கிறது, வட்டியும் வளர்கிறது. அக்கடனை அடைக்க விருப்பமில்லாத பணிகளையெல்லாம் ஏற்க நேர்கிறது. பணத்தை இழப்பதினும் இது கொடிது.

அக்கவிஞர் இட்ட நன்முதலீடு வேறிடத்தில் இருந்தது. ஓயாது எழுதிய உரைநடை நூல்களே அவை. அவர் 1981இல் மறைந்த பின்னரும் அவை குடும்பத்தாரின் பதிப்பகம் வாயிலாகத் தொடர்ந்து விற்பனையாகின்றன. திரைப்படத்தில் போட்ட பொருள் எங்கோ போயிற்று. காகிதமும் மையும் செலவழித்து எழுதியவை வீட்டில் நிலைத்தன.

என் வீட்டுக் கணக்கு

பிறர் இழப்பைப் பேசிவிட்டு என் இழப்பை மறைப்பது முறையன்று. ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்ற கையோடு, 2007ஆம் ஆண்டில், என் கவிதைகளைத் தொகுத்து நூலாக்க விரும்பினேன். அச்சகத்தார் ஒருவர், 500 படிகள் அடிப்பதற்கும் 1,000 படிகள் அடிப்பதற்கும் செலவில் பெரிய வேறுபாடில்லை என்றார். அது உண்மையே. ஆனால் விற்பனையில் பெரிய வேறுபாடு உண்டு என்பதை நான் எண்ணவில்லை. என் அம்மா எனக்குச் செய்துபோட்ட வளையல் இணையை அடகு வைத்து 32,000 ரூபாய் கொடுத்தேன்.

அத்தா துணி வணிகர். வட்டிக்கு வாங்குவதை வாழ்நாள் முழுதும் தவிர்த்தவர். அடகுச் சீட்டைப் பார்த்தபோது அவர் சினக்கவில்லை. "ஏம்மா, எத்தனை பேரு வாங்குறேன்னு சொல்லியிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் தொழுகைக்குச் சென்றுவிட்டார்.

விற்றவை 180 படிகள். அன்பளிப்பாகச் சென்றவை 220. எஞ்சிய 600 படிகள் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு மழைக்காலத்தில் கரையான் கண்டது. வளையலை மீட்க நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவும் அத்தாவின் உதவியால். அவர் தந்ததை வட்டியில்லாத 'அழகிய கடன்' என்று ஏட்டில் எழுதிவைத்தார். மாதந்தோறும் நான் திருப்பித் தந்ததையும் எழுதினார். கடைசித் தவணை தந்த அன்று அந்த ஏட்டை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதே ஆண்டுகளில் நான் செய்த மற்றொரு முதலீடு இருந்தது. அதனை அப்போது முதலீடு என்றே நான் எண்ணியதில்லை. எங்கள் தெருவில் அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறை எங்கள் தலைமுறையில் ஏறத்தாழ அற்றுப்போயிருந்தது. இரண்டு ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் அவரிடம் சென்று எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். செலவு, ஒரு குறிப்பேடும் அவருக்கு வாங்கிச் சென்ற வெற்றிலைபாக்குமே. இன்று ஆய்வரங்குகளுக்கு என்னை அழைப்பதும், பழங்குடும்பங்கள் தம் வீட்டுக் கைப்படிகளைப் படித்துச் சொல்லக் கேட்பதும், மாணவியர் மூவர் அத்துறையில் ஆய்வு செய்வதும் அச்சனிக்கிழமைகளால் விளைந்தவை. 32,000 ரூபாயை எங்கே இட்டேன், வெற்றிலைபாக்குக் காசை எங்கே இட்டேன் என்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்கே வியப்பாக இருக்கிறது.

2015இல் என் இரண்டாம் நூலை வெளியிட்டபோது, உ. வே. சா. வழியைப் பின்பற்றி 140 பேருக்கு மடல் எழுதினேன். 96 பேர் முன்பணம் அனுப்பினர். 300 படிகளே அச்சிட்டேன். அத்தா அப்போது இருந்தார். இம்முறை அவர் எதுவும் கேட்கவில்லை; தாமே ஐந்து படிகளுக்குப் பணம் எண்ணி வைத்தார்.

சட்டம் தரும் காப்பு

கலைஞன் இடும் முதலுள் பெரியது அவன் படைப்பின் உரிமை. அதனைப் பலர் முதலாகவே கருதுவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1977இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, வேறு உடன்பாடு இல்லாவிடில், படத்துக்கென எழுதிய பாட்டுக்கும் அமைத்த இசைக்கும் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்னும் நிலை உறுதியாயிற்று. அதனால், ஒருமுறை பெற்ற தொகையோடு பாடலாசிரியர் பலரின் பங்கு முடிந்தது. பாட்டு மட்டும் ஆண்டாண்டாக ஒலித்தது. 2012இல் வந்த திருத்தம் இதனை மாற்றியது. படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் காட்டுவது நீங்கலாக, பாடல் வேறு வகைகளில் பயன்படும்போது வரும் உரிமைத்தொகையில் ஆசிரியர்க்குள்ள சமபங்கை அவரே விரும்பினாலும் பிறர்க்கு விட்டுக்கொடுக்க இயலாது என்று அத்திருத்தம் காக்கிறது. சட்டப்படியான வாரிசுகளுக்கும், தொகை திரட்டித் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதனை அளிக்கலாம்.

மாணவர் அறியவேண்டிய வேறு சில விதிகளும் உள. நூலாசிரியரின் உரிமை அவர் வாழ்நாளுக்கும், மறைந்தபின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். உரிமையைப் பிறர்க்கு அளிக்கும் உடன்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். கால அளவு குறிக்கப்படாவிடில் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிடில் இந்தியாவுக்கு மட்டுமே செல்லும். ஆகவே வெற்றுத் தாளில் கையெழுத்திடுதலும், 'எல்லா உரிமையும் என்றென்றைக்கும்' என்ற வரியைப் படிக்காமல் ஒப்புதலும் நிலத்தைப் பத்திரம் பாராமல் விற்பதற்கு நிகராகும்.

மாணவர்க்குச் சில சொற்கள்

மேற்கண்ட செய்திகளிலிருந்து நாம் கொள்ளத்தக்கவற்றைச் சுருங்கக் கூறலாம்.

ஒன்று: ஒரு படைப்போடு தீர்ந்துவிடுவதைவிட அடுத்த படைப்புக்கும் உதவுவதில் முதலிடுக. மொழியறிவும், அகராதியும், கருவியைக் கையாளும் பயிற்சியும் அத்தகையன. விழா மேடையும் பதாகையும் விலையுயர்ந்த அட்டையும் அன்றோடு தீர்ந்துவிடுவன.

இரண்டு: வாங்குவோர் எத்தனை பேர் என்று அறிந்தபின் எத்தனை படிகள் என்று முடிவு செய்க. இன்று 50 படிகள்கூட அச்சிடும் வசதி வந்துவிட்டது. 1,000 படிகள் அடிக்கவேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. பணம் பெற்றுக்கொண்டு நூல் வெளியிட்டுத் தருவோர் எத்தனை நயமாகப் பேசினும், விற்றுத் தருவார்களா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்க.

மூன்று: கடன்பட்டுப் படைக்கற்க. நகையும் நிலமும் வீட்டாரின் அரண். அவை படைப்பாளி ஒருவருக்கு மட்டும் உரியன அல்ல. இழந்தால் தாங்கத்தக்க அளவே கைப்பொருளை இடுக. மாத ஊதியம் தரும் பணியில் இருந்துகொண்டு எழுதுதல் இழிவன்று. உ. வே. சா. கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே பதிப்பித்தார் என்பதை நினைக்க.

நான்கு: தன் தொழிலல்லாத தொழிலில் இறங்குமுன் அத்தொழிலறிந்த ஒருவரைத் துணைக்கொள்க. அவர் நம்மைப் புகழ்பவராக இல்லாதிருத்தல் நன்று.

ஐந்து: உரிமையைக் காக்க. எழுதிய ஒவ்வோர் உடன்பாட்டின் படியையும் வீட்டில் வைத்திருக்க.

நிறைவாக

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. திருமணத்துக்கும் கல்விக்கும் வணிகத்துக்கும் வட்டியில்லாக் கடன் தரும் நல்லமைப்புகள் நம்மிடையே பல ஊர்களில் இயங்கிவருகின்றன. மாணவரின் முதல் நூலுக்கு அவ்வாறு உதவும் ஒரு சிறு நிதியைக் கல்லூரி அளவில் ஏற்படுத்துதல் அரிதன்று. முன்கூட்டியே 100 பேரின் கையொப்பம் பெற்று வரும் மாணவர்க்கு அச்சுச் செலவைத் தருவது. நூல் விற்ற பணம் வந்ததும் அந்நிதிக்கே திரும்பச் சேர்த்து அடுத்த மாணவர்க்கு அளிப்பது. புரவலரின் கொடையும், வாசகரின் கையொப்பமும், முதாரபாவின் நீதியும் ஆகிய மூன்றும் ஒருங்கே இதில் அமையும். நூலாசிரியரும் கடன்சுமையின்றி அடுத்த நூலை எழுதுவார்.

சேலத்து இராமசாமி முதலியார் 1880இல் ஓர் இளைஞரிடம் ஒரு வினாவைக் கேட்டார். ஒரு படியைத் தந்தார். அச்சிடும்போது துணை நின்றார். அவர் 1892இல் மறைந்துவிட்டார். அவர் இட்ட முதலின் ஊதியத்தை நம் வகுப்பறைகளில் இன்றும் நாம் பெற்றுவருகின்றோம். நம் மாணவரிடம் அத்தகைய வினாவைக் கேட்பதும், கேட்டபின் துணை நிற்பதும் நம் கடமையாகும்.